‘கீன்’ என்ற வினைச்சொல்: ஆங்கிலத்துக்குள் வந்த ஐரிஷ் ஒப்பாரி

அயர்லாந்துக் கடற்கரையில் நடக்கும் ஓர் ஆங்கிலச் சிறுகதை. மூழ்கி இறந்தவனின் உடலைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் ‘கீன்’ செய்கிறார்கள். இரண்டு பக்கம் தள்ளிப் போனால் காற்றும் ‘கீன்’ செய்கிறது. உங்கள் கையில் இருக்கும் அகராதியோ ‘கூர்மையான, ஆர்வமுள்ள’ என்று மட்டும் சொல்கிறது. அழுவதற்கு ‘வீப்’, கதறுவதற்கு ‘வெய்ல்’ என்று சொற்கள் இருக்கும்போது இது எதற்கு, தமிழில் இதை எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தப் பெண்கள் செய்வதும் காற்று செய்வதும் ஒரே காரியம்தானா? என்னைக் கேட்டால், இல்லை. ஒரே வினைச்சொல்தான், ஆனால் பெண்களிடம் இருப்பது பாட்டு, காற்றிடம் இருப்பது அந்தப் பாட்டின் ஓசை மட்டும். சொல் கழன்று ஓசை மட்டும் மிஞ்சிய கதைதான் இந்த வினைச்சொல்லின் கதை. ஆங்கில இலக்கியம் கற்பிப்பதும் மொழிபெயர்ப்பதும் என் தொழில் என்பதால் இதை அடிக்கடி எதிர்கொண்டிருக்கிறேன். ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஐரிஷ் மொழி படிக்கத் தெரியாது. ஐரிஷ் பாடல்களைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாக வந்தவை.

முதலில் அகராதிச் சிக்கலைத் தீர்த்துவிடலாம். உங்கள் அகராதி சொல்லும் ‘கீன்’ வேறு, கதையில் வரும் ‘கீன்’ வேறு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் உறவு கிடையாது. பெயரடையாக வரும் ‘கீன்’ பழைய ஆங்கிலத்திலிருந்தே இருப்பது. அங்கே அதற்கு ‘துணிச்சலான’ என்று பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான ‘கூன்’ இன்றும் ‘துணிச்சலான’ என்ற பொருளிலேயே வழங்குகிறது. ஆங்கிலத்தில் அது கூர்மைக்கு நகர்ந்து, அப்புறம் ஆர்வத்துக்கும் போய்விட்டது. வினைச்சொல்லான ‘கீன்’ ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது. அழுது புலம்புவதற்கான ஐரிஷ் வினையை ஆங்கிலக் காது எப்படிக் கேட்டதோ அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஆங்கில அச்சில் அது பரவலாவது 19ஆம் நூற்றாண்டில்தான். இந்த அளவுக்கு ஐயம் எதுவும் இல்லை.

இந்த இரண்டும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ‘கீன் விண்ட்’ என்று வந்தால் அது பெயரடை: தோலை அறுக்கிற மாதிரிக் குளிர்ந்த காற்று. ‘கீனிங் விண்ட்’ என்று வந்தால் அது வினை: அழுகுரல் எழுப்பும் காற்று. முன்னது தோலுக்கு, பின்னது காதுக்கு. அயர்லாந்துக் கதைகளில் இரண்டும் அடுத்தடுத்து வரும். விகுதியைக் கவனிக்காமல் போனால் குளிர் ஒலியாகிவிடும், ஒலி குளிராகிவிடும். இன்றைய ஆங்கில வாசகர்கள் ‘கீனிங்’ என்றதும் மெல்லிய, உச்சமான, காதைத் துளைக்கும் ஒலியை நினைக்கிறார்கள். இதில் பெயரடையின் கூர்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். சொற்பிறப்பில் உறவு இல்லாத இரண்டு சொற்கள் காதில் உறவு கொண்டாடுவது எல்லா மொழியிலும் நடப்பதுதான். ஆனால் இது ஊகம். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, அந்தப் பெண்கள் என்னதான் செய்தார்கள்? கிராமத்து அயர்லாந்தில் ஒருவர் இறந்தால் உடலை வீட்டில் கிடத்தி, இரவெல்லாம் விழித்திருப்பார்கள். ‘வேக்’ என்று அதற்குப் பெயர். அந்த இரவில் உடலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து பாடுவதுதான் கீன். ஒருத்தி தலைமை ஏற்பாள். இறந்தவரைப் பெயர் சொல்லி நேராக விளிப்பாள்; அவருடைய குலத்தையும் அழகையும் கொடைக் குணத்தையும் சொல்வாள்; எங்களை ஏன் விட்டுப் போனாய் என்று கேட்பாள். ஒரு பகுதி முடிந்ததும் மற்றப் பெண்கள் சேர்ந்து குரலெடுப்பார்கள். அந்தக் கூட்டுக் குரலில் சொல் அதிகம் இருக்காது. ‘ஓஹோன்’ போன்ற துயர ஒலிகள்தான். பிறகு இன்னொருத்தி அடுத்த பகுதியை எடுப்பாள். உடல் முன்னும் பின்னும் அசையும், கை தட்டுவார்கள், தலைமுடி அவிழ்ந்திருக்கும். உறவுக்காரப் பெண்களும் பாடுவார்கள். இதில் தேர்ந்தவர்களைக் கூலி கொடுத்து அழைப்பதும் உண்டு. பணமாகவோ உணவாகவோ மதுவாகவோ கூலி போகும். ஐரிஷில் அந்தப் பெண்ணுக்கென்றே தனிப் பெயர் உண்டு. ஆங்கிலத்தில் அது ‘கீனிங் உமன்’ ஆயிற்று, சுருக்கமாக ‘கீனர்’.

கூலிக்கு அழுதார்கள் என்றதும் பொய்யழுகை என்று நினைக்கத் தோன்றும். பல வெளிநாட்டுப் பயணிகள் அப்படித்தான் எழுதி வைத்தார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. துக்கத்தை ஊருக்கு நடுவே சொல்லாக்கித் தருவது ஒரு திறமை. அதை எல்லாராலும் செய்துவிட முடியாது. துயரத்தில் வாயடைத்துப் போன ஒரு தாய்க்குப் பதிலாக, சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரிந்த ஒருத்தி சொல்கிறாள். அவளுக்குக் கூலி கொடுப்பதில் என்ன தப்பு?

கீன் வெறும் புகழ்ச்சியும் அல்ல. அதில் குறைகூறலும் வரும், சாபமும் வரும். அடித்துத் துன்புறுத்திய கணவனின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கொடுமையை எல்லார் முன்னாலும் பாட்டில் போட்டுச் சொன்ன மனைவிகளின் கீன்கள் பதிவாகியிருக்கின்றன. மருமகளைச் சாடும் மாமியார், எதிர்ப்பாட்டுப் பாடும் மருமகள் எல்லாம் உண்டு. மற்ற நாட்களில் ஒரு பெண் பேச முடியாததை அந்த இரவில் பேச முடிந்தது. ‘வீப்’ என்றால் கண்ணீர் போதும். ‘கீன்’ செய்ய உடல் வேண்டும், கேட்கும் கூட்டம் வேண்டும், சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று 1773ஆம் ஆண்டுக்குரியது. அயர்லாந்தின் தென்மேற்கிலுள்ள கெர்ரி மாவட்டத்தின் பெரிய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவள் ஐலீன் டுவ் நி கோனல். பின்னாளில் ஐரிஷ் கத்தோலிக்கர்களின் அரசியல் தலைவராக எழுந்த டேனியல் ஓ கானலுக்கு அத்தை முறை. வீட்டார் விருப்பத்துக்கு மாறாக ஆர்ட் ஓ லியரியைக் கட்டிக்கொண்டாள். அவன் ஆஸ்திரியப் படையில் குதிரைப்படைத் தலைவனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அழகன், எவருக்கும் அடங்காதவன். அப்போது அயர்லாந்தில் கத்தோலிக்கர்களை ஒடுக்க நடப்பிலிருந்த ‘தண்டனைச் சட்டங்கள்’ என்பவற்றின்படி, கத்தோலிக்கர் ஒருவர் 5 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக்கூடாது. புராட்டஸ்டன்ட் ஒருவர் 5 பவுண்டை நீட்டினால் குதிரையைக் கொடுத்துவிட வேண்டும். கார்க் மாவட்டத்தில் ஷெரிஃபாக இருந்த ஏப்ரஹாம் மாரிஸ் ஆர்ட்டின் குதிரையைக் கேட்டதாகவும் ஆர்ட் மறுத்ததாகவும் வரலாறு. பகை முற்றி, ஆர்ட் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாதவன் என்று அறிவிக்கப்பட்டான். 1773 மே 4 அன்று காரிகனிமா என்ற இடத்தில் படைவீரர்கள் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 26.

ஐலீன் அவனுக்காகப் பாடியதாக வழங்கும் கீன் இன்று ஐரிஷ் மொழியின் தலைசிறந்த பாடல்களில் ஒன்றாக வைக்கப்படுகிறது. அதில் ஓர் இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவனுடைய குதிரை ஆளில்லாமல் வீடு திரும்புகிறது. கடிவாளம் தரையில் இழுபடுகிறது, அதன் கன்னத்திலிருந்து சேணம் வரை அவன் இரத்தம். அவள் மூன்று பாய்ச்சல் பாய்கிறாள். முதல் பாய்ச்சலில் வாசற்படி, இரண்டாவதில் வெளிக் கதவு, மூன்றாவதில் குதிரையின் முதுகு. கைகளைத் தட்டிக்கொண்டு குதிரையை விரட்டிப் போகிறாள். தாழ்ந்த முட்புதர் ஒன்றின் அருகே அவன் கிடக்கிறான். பாதிரி இல்லை, பிஷப் இல்லை, வேதம் ஓத யாரும் இல்லை. ஒரு கிழவி மட்டும் தன் மேலங்கியை அவன்மேல் விரித்திருக்கிறாள். அவன் இரத்தம் ஓடைபோல் வழிகிறது. துடைக்கக்கூட நில்லாமல் அவள் அதை உள்ளங்கையில் அள்ளிக் குடிக்கிறாள்.

இதை ‘அழுதாள்’ என்று எழுதினால் என்ன மிஞ்சும்? இந்தப் பாட்டில் காதல் இருக்கிறது: சந்தை மண்டபத்தின் சுவரோரம் அவனை முதலில் பார்த்த நாள், தந்தை வீட்டை விட்டு அவன் பின்னால் ஓடியது. வழக்கும் இருக்கிறது: கொன்றவனைப் பெயர் சொல்லிச் சபிக்கிறாள். குடும்பச் சண்டைகூட இருக்கிறது. ஆர்ட்டின் சகோதரி நடுவில் புகுந்து, கணவன் உடல் கிடக்கும் இரவில் நீ போய்ப் படுத்துவிட்டாயே என்று குத்துகிறாள். ஐலீன் விடவில்லை: தூங்கப் போகவில்லை, கலங்கிப் போயிருந்த பிள்ளைகளைத் தூங்கவைக்கப் போனேன் என்று பாட்டிலேயே பதில் சொல்கிறாள். சாவு வீட்டில் இரண்டு பெண்கள் பாட்டால் வாதாடுகிறார்கள். இந்த அளவுக்கு உள்ளே இடம் கொடுக்கும் ஒரு வடிவத்தின் பெயர்தான் கீன்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்ட் கொல்லப்பட்டது, ஐலீன் அவன் மனைவி என்பதெல்லாம் உறுதியான செய்திகள். ஆனால் பாடல் முழுவதும் அவளே கட்டியதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது உடனே எழுதப்பட்டதல்ல. வாய்வழியாக வாழ்ந்து, கீன் பாடுவதில் தேர்ந்த நோரா என்ற பெண்ணின் வாயிலிருந்து பின்னால் எழுதி எடுக்கப்பட்டது. வாய்மொழிப் பாட்டில் பாடுகிறவர் தன் பங்கைச் சேர்ப்பது இயல்பு. சாவு வீடு, கல்லறை என்று வெவ்வேறு நேரத்தில் பாடியவை ஒரே பாட்டாகக் கோக்கப்பட்டிருப்பதும் தெரிகிறது. ஆகவே ஒரே கவிஞரின் ஒரே கவிதை என்று சத்தியம் செய்ய முடியாது. அதனால் அதன் மதிப்பு ஒன்றும் குறையவில்லை என்பது என் நிலை.

இவ்வளவு வலுவான வழக்கம் ஏன் மறைந்தது? முதல் காரணம் திருச்சபை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் கத்தோலிக்க ஆயர்கள் கீனுக்குத் திரும்பத் திரும்பத் தடை போட்டார்கள். இறந்தவரின் ஆன்மா கடவுளிடம் போகிறது என்று நம்புகிறவர்கள் இப்படிப் புரண்டு அழுவது அவிசுவாசம் என்பது அவர்கள் வாதம். திரும்பத் திரும்பத் தடை போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே மக்கள் கேட்கவில்லை என்று தெரிகிறது. 1840களின் பெரும் பஞ்சம் ஐரிஷ் பேசும் ஏழைக் கிராமங்களைக் காலி செய்தது. மொழி ஆங்கிலத்துக்கு மாறியது. ‘நாகரிகமான’ அடக்கம் என்ற எண்ணமும் வந்து சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் உயிருள்ள வழக்கமாக அது ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் தப்பியது: சிலுவையில் மகனைப் பார்க்கும் மரியாள் பாடுவதாக அமைந்த ‘மூன்று மரியாள்களின் புலம்பல்’. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அதே ‘ஓஹோன்’ வரும். தேவாலயம் விரும்பாத வடிவம் தேவாலயத்துக்கு ஏற்ற பொருளைச் சுமந்து பிழைத்துக்கொண்டது. இன்றும் மரபுப் பாடகர்கள் அதைப் பாடுகிறார்கள்.

இந்தத் தடையை ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் தன் இளம்வயதுக் கதைப்பாடல் ஒன்றில் அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார். ஓ ஹார்ட் என்ற நல்ல பாதிரியாரைப் பற்றிய பாட்டு அது. ஊரில் சாவு விழுந்து, காகங்களைவிடக் கரகரத்த குரலோடு கீனர்கள் வந்தால், நிறுத்தச் சொல்லிவிடுவார். அவர் புத்தகம் படித்த மனிதர். அவரே 94 வயதில் இறக்கும்போது மனிதர் யாரும் அவருக்காகக் கீன் செய்யவில்லை. ஆனால் மலைகளிலிருந்து பறவைகள் கீன் செய்துகொண்டே பறந்து வருகின்றன. அந்தப் பாட்டில் ‘கீன்’ என்ற வினை முதலில் பெண்களுக்கு வருகிறது, பிறகு பறவைகளுக்குத் தாவுகிறது. மனிதக் குரலை அடக்கிய இடத்தில் இயற்கை அதை ஏற்கிறது. உங்கள் கதையில் காற்று கீன் செய்வதற்கு இப்படி ஒரு முன்னோடி இருக்கிறது.

வினைச்சொல்லின் நுட்பத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங் எழுதிய ‘ரைடர்ஸ் டு த சீ’ என்ற ஒற்றைக்காட்சி நாடகத்தைப் படியுங்கள். 1904இல் டப்ளினில் முதலில் மேடையேறியது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மோரியா என்ற கிழவி கணவனையும் மாமனாரையும் ஆறு மகன்களையும் கடலுக்குக் கொடுத்தவள். நாடகத்தின் முடிவை ஒட்டி, அவள் ஒன்பது நாளாக அழுதுகொண்டும் கீன் செய்துகொண்டும் இருப்பதாக மகள் சொல்கிறாள். அழுவதும் கீன் செய்வதும் தனித்தனி வினைகளாக, அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒன்றென்றால் இரண்டு சொல் தேவையில்லை. இன்னோரிடத்தில், வடக்கே மிதந்து போன அண்ணன் மைக்கேலைப் பற்றித் தங்கை வருந்துகிறாள்: அவனைக் ‘கீன்’ செய்ய, கடல்மேல் பறக்கும் கருங்கிழவிகளைத் தவிர வேறு யாரும் இல்லையே என்று. கருங்கிழவி என்பது நீர்க்காகங்களுக்கு அங்கே வழங்கும் பெயர். இங்கே வினை செயப்படுபொருள் எடுத்து வருகிறது: ‘அவனுக்காக’ அல்ல, ‘அவனை’. சடலத்தைக் குளிப்பாட்டுவதுபோல, இறந்தவருக்கு உயிரோடிருப்பவர்கள் செய்ய வேண்டிய கடமையாக அது நிற்கிறது. செய்ய ஆள் இல்லாமல் போவது இரண்டாவது சாவு.

கடைசி மகன் பார்ட்லியின் உடல் வந்த பிறகுதான் முக்கியமான இடம். தலைமேல் சிவப்புப் பாவாடைகளைப் போர்த்திய பெண்கள் மெல்ல அசைந்தபடி தாழ்ந்த குரலில் கீன் செய்துகொண்டிருக்கிறார்கள். மோரியா அதில் சேரவில்லை. எல்லாரும் போய்விட்டார்கள், இனி அந்தக் கடலால் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று நிதானமாகப் பேசுகிறாள். அவள் பேச்சின் இடைவெளியில் கீன் சற்று உயர்ந்து மறுபடி தாழ வேண்டும் என்று மேடைக் குறிப்பு சொல்கிறது. ஊர் அவளுக்காகத் துயரத்தைச் சுமக்கிறது. அதனால்தான் அவளால் பேச முடிகிறது. கீன் என்பது ஒருவருடைய சொந்த அழுகை அல்ல, கூட்டத்தின் வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

சிங் இதைக் கற்பனையில் எழுதவில்லை. 1898 முதல் பல கோடைகளில் அவர் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஆரன் தீவுகளில் தங்கினார். அங்கே பார்த்ததை 1907இல் புத்தகமாக வெளியிட்டார். எண்பது வயது தாண்டிய ஒரு மூதாட்டியின் அடக்கம் அதில் வருகிறது. கல்லறையில் கிழவிகள் முறை வைத்துத் தலைமைப் பாட்டை எடுக்கிறார்கள். எடுத்தவள் முன்னும் பின்னும் ஆடி, எதிரே இருக்கும் கல்லில் நெற்றியைச் சாய்த்து, விம்மலே தாளமாக, இறந்தவளை அழைக்கிறாள். எண்பது வயதில் இறந்த ஒருத்திக்கான தனிப்பட்ட முறையீடு அல்ல இது. தீவில் பிறந்த ஒவ்வொருவருக்குள்ளும் பதுங்கியிருக்கும் ஆவேசம் முழுவதும் இதில் வெளிவருகிறது என்பது சிங்கின் கருத்து. அவர் ஐரிஷ் கற்றவர். ஆனாலும் அந்தப் பெண்கள் பாடிய சொற்களை அவர் நமக்குத் தரவில்லை; அசைவையும் விம்மலையும் ஆவேசத்தையும்தான் தருகிறார்.

ஐரிஷ் தெரியாமல் வந்த ஆங்கிலப் பயணிகளின் நிலைமை இதைவிட மோசம். அவர்கள் காதில் விழுந்தது ஓர் ஊளை, அவ்வளவுதான். பாட்டில் பெயர் இருந்தது, குலவரலாறு இருந்தது, சாபம் இருந்தது. எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் எழுதிய பயணக் குறிப்புகள் வழியாகவும் நாவல்கள் வழியாகவும்தான் இந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவியது. ஆகவே சொல்லோடு ஒட்டி வந்தது ஓசைதான், உள்ளடக்கம் அல்ல. மொழி தெரியாதவர்கள் ஒரு கலையைக் கேட்டுப் பெயர் வைத்தால் பெயருக்குள் கலை முழுதாக வராது. இன்றைய ஆங்கிலப் புனைகதையில் வயலின் கீன் செய்கிறது, கடற்பறவை கீன் செய்கிறது, அடிபட்ட நாய் கீன் செய்கிறது, இயந்திரம்கூடச் செய்கிறது. எழுதியவர்களில் பலருக்கு அயர்லாந்து நினைவிலேயே இருக்காது. இதைத் தவறான வழக்கு என்று நான் சொல்லமாட்டேன்; ஆங்கிலத்தில் இதற்கு இன்று இதுவும் முறையான பொருள்தான். ஆனால் நல்ல எழுத்தாளர் கையில் காற்று கீன் செய்யும்போது ‘இங்கே யாரோ இறந்திருக்கிறார்கள், அழ ஆள் இல்லை’ என்ற நிழல் கூடவே வரும். உங்கள் கதையில் பெண்கள் முதலில் கீன் செய்து, பிறகு காற்று செய்வதால், அந்த ஆசிரியர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ‘வீப்’ கண்ணீர் சார்ந்தது. சத்தமே இல்லாமல் செய்யலாம். ‘வெய்ல்’ சத்தம் சார்ந்தது. வலியால் ஒரு குழந்தையும் செய்யும், ஆம்புலன்ஸும் செய்யும், சாவு தேவையில்லை. ‘மோர்ன்’ ஒரு நிலை. மாதக்கணக்கில் நீடிக்கலாம், வெளியே ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். ‘லமென்ட்’ சொல் சார்ந்தது. எழுத்திலும் செய்யலாம், விலைவாசியைப் பற்றியும் செய்யலாம். சாவு, குரல், வடிவம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருவது ‘கீன்’ ஒன்றில்தான். ‘பான்ஷீ’ என்ற சொல்லும் இதற்கு உறவு: ஐரிஷ் தொல்கதைகளில் வரும் மாயப்பெண். பழைய குடும்பங்களில் சாவு நெருங்கும்போது வீட்டுக்கு வெளியே அவள் எழுப்பும் ஓலமும் கீன்தான். இன்னும் பழைய ஐரிஷ் கதை ஒன்றில், பிரீக் என்ற தேவி போரில் மாண்ட தன் மகனுக்காக எழுப்பிய அழுகைதான் அயர்லாந்தில் கேட்ட முதல் கீன் என்று வருகிறது.

இப்போது தமிழில் எப்படி வைப்பது? நான் என்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் குரலோடு சொல் இருக்கிறதா? உடல் நடுவில் கிடக்க, பெண்கள் கூடி, இறந்தவரை விளித்துப் பாடினால், தயங்காமல் ‘ஒப்பாரி வைத்தார்கள்’ என்று எழுதிவிடுங்கள். ஐரிஷ் வழக்கத்துக்குத் தமிழ்ச் சாயம் பூசுவதாகாதா என்று சிலர் கேட்பார்கள். விளிப்பு, புகழ்ச்சி, குறைகூறல், கூட்டுக் குரல் என்று உள்ளமைப்பே இவ்வளவு பொருந்தும்போது வேறு சொல் தேடுவதுதான் செயற்கை. ‘இறந்தவருக்காகத் துயரக் குரல் எழுப்பினார்கள்’ என்று நீட்டி எழுதுவது மிக மோசமான வழி. பயணிகள் செய்ததையே நாமும் செய்கிறோம், பாட்டை எடுத்துவிட்டு ஓசையை வைத்துக்கொள்கிறோம். ஒருத்தி தனியாக, சொல்லும் அழுகையும் கலந்து செய்தால் ‘அரற்றினாள்’ என்பது நல்ல சொல். ‘புலம்பினாள்’ என்பதைவிடக் கனமானது, ஏனென்றால் புலம்பல் இப்போது அன்றாடக் குறைகளுக்கும் போய்விட்டது. சொல்லே இல்லாமல் குரல் மட்டும் என்றால் ‘ஓலமிட்டாள்’.

காற்றுக்கு ‘ஊளையிட்டது’ என்பதுதான் முதலில் கைக்கு வரும். சும்மா வரும் காற்றுக்கு அது போதும். உங்கள் கதையில் போதாது. ஊளை நாய்க்கும் நரிக்கும் உரியது. சாவு வீட்டை அது நினைவுபடுத்தலாம், ஆனால் அந்தப் பெண்களோடு காற்றைச் சேர்க்காது. ஆசிரியர் ஒரே வினையை இரண்டு முறை வைத்து ஒரு கண்ணி கட்டியிருக்கிறார்; நீங்கள் இரண்டு வினை போட்டால் கண்ணி அறுந்துவிடும். நானாக இருந்தால் இரண்டு இடத்திலும் ஒப்பாரியையே வைப்பேன்: பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், பிறகு காற்று ஒப்பாரி வைத்தது. தமிழில் அது கொஞ்சம் துணிச்சலாகத் தெரியும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் துணிச்சலாகத்தான் இருந்திருக்கும்.

கடைசியாக, நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வினையைப் பயன்படுத்தலாமா என்றால், தாராளமாகப் பயன்படுத்தலாம், சில கவனங்களோடு. இறந்த காலம் ‘கீன்ட்’, ஒழுங்கான வினைதான். ‘ஓவர்’, ‘ஃபார்’ சேர்த்து, ஓர் உடலின் மீது, ஒருவருக்காக என்று எழுதுவது இன்று வழக்கம். சிங் எழுதியதுபோல் செயப்படுபொருளை நேராகச் சேர்த்தால் ஐரிஷ் மணமும் பழமையும் வந்துவிடும், அது வேண்டும் என்றால் மட்டும் செய்யுங்கள். உரையாடலுக்குப் பின்னால் ‘என்று அவள் கீன் செய்தாள்’ என்று ஒட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. ஒரே ஒரு வாக்கியத்தைக் கீன் செய்ய முடியாது, அது நீண்டு ஓட வேண்டும். சாவே இல்லாத கதையில் ஒரு வினைச்சொல் அழகாக இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். ஒரு கதைக்கு இரண்டு முறைக்கு மேலும் வேண்டாம். உங்கள் ஆசிரியர் அளவைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.